மாதக் கடைசியில் கம்பெனி சிஸ்டம் திணறுவது ஏன்? எஸ்.ஏ.பி சர்வருக்குள் என்னதான் நடக்குது? - எளிய விளக்கம்

மாதத்தின் கடைசி நாள். சாயங்காலம் 5 மணி. கணக்குப் பிரிவில் எல்லோரும் ஒரே நேரத்தில் கணக்கை முடிக்கப் பார்க்கிறார்கள். குடோன் வாசலில் லாரி சரக்கு ஏற்றி நிற்கிறது, பில் வந்தால்தான் கிளம்பும். பில் போடுபவர் பட்டனை அழுத்துகிறார். திரை அப்படியே நிற்கிறது. "சர்வர் ஸ்லோ சார்" என்கிற ஒற்றை வரிதான் எல்லோருக்கும் பதில்.

உண்மையில் பல நேரம் அந்த சர்வர் வேலை செய்ய முடியாமல் நிற்பதில்லை. உள்ளே ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை எங்கேயோ அடைத்துக்கொண்டு நிற்கிறது. எங்கே அடைக்கிறது, ஏன் அடைக்கிறது என்று தெரிந்துகொண்டால், பெரிய நிறுவனங்களை ஓட்டும் ஒரு மென்பொருள் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

உலகம் முழுக்கப் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்.ஏ.பி-யை வைத்தே இதைப் பார்க்கலாம்.

எஸ்.ஏ.பி என்றால் என்ன?

1972-ல் ஜெர்மனியில், ஐ.பி.எம் நிறுவனத்தில் இருந்து வெளியே வந்த 5 பேர் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் இது. இப்போது தலைமையகம் ஜெர்மனியின் வால்டார்ஃப் நகரில் இருக்கிறது. முதல் வாடிக்கையாளர், ஐ.சி.ஐ நிறுவனத்தின் நைலான் தொழிற்சாலை.

அந்தக் காலத்தில் விவரங்களை அட்டையில் துளையிட்டுச் சேர்த்து வைத்து, பிறகு மொத்தமாகக் கம்ப்யூட்டரில் ஓட்டுவார்கள். காலையில் நடந்த விற்பனை கணக்கில் ஏற நேரம் ஆகும். இதை மாற்றி, நடக்கும்போதே பதிவாக வேண்டும், எல்லாப் பிரிவும் ஒரே தகவலைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்களின் எண்ணம். குடோனில் ஒரு பெட்டி வெளியே போனால், அதே நொடியில் கணக்குப் பிரிவுக்கும் தெரிய வேண்டும்.

1979-ல் வந்த ஆர்/2, ஒரே பெரிய மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டரில் ஓடியது. 1992-ல் வந்த ஆர்/3 வேலையை மூன்றாகப் பிரித்தது. இன்று நெட்வீவர், அபாப் பிளாட்ஃபார்ம் என்று பெயர்கள் மாறியிருந்தாலும் அடிப்படைக் கட்டமைப்பு அந்த மூன்று அடுக்குதான்.

அந்த மூன்று அடுக்கு எவை?

முதல் அடுக்கு, நீங்கள் பார்க்கும் திரை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் எஸ்.ஏ.பி ஜி.யூ.ஐ என்ற மென்பொருளாக இருக்கலாம், பிரவுசராகவும் இருக்கலாம். இதற்கு வேலை குறைவு. நீங்கள் தட்டியதை அனுப்பும், வந்த பதிலைக் காட்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது அடுக்கு, அப்ளிகேஷன் சர்வர். சம்பளம் எவ்வளவு, வரி எவ்வளவு, இந்த வாடிக்கையாளருக்குக் கடன் வரம்பு மீறியதா என்று கணக்குப் போட்டு முடிவு செய்வது இந்த இடம்தான். இதற்கான புரோகிராம்கள் அபாப் என்ற மொழியில் எழுதப்பட்டவை.

மூன்றாவது அடுக்கு, டேட்டாபேஸ். எல்லாத் தகவலும் நிரந்தரமாகக் கிடப்பது இங்கே. இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கணக்கு விவரங்கள் மட்டுமல்ல, அபாப் புரோகிராம்களே டேட்டாபேஸுக்குள்தான் சேமிக்கப்படுகின்றன. தேவைப்படும்போது அப்ளிகேஷன் சர்வர் அவற்றை எடுத்துத் தன் மெமரியில் வைத்துக்கொள்கிறது. அந்த இடத்துக்கு பஃபர் என்று பெயர். சர்வரை நிறுத்திவிட்டு மறுபடி ஆன் செய்த காலையில் எல்லாமே கொஞ்சம் மெதுவாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பஃபர் காலியாக இருக்கும், மெல்ல மெல்லத்தான் நிரம்பும்.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும்? ஆட்கள் அதிகமானால் நடு அடுக்கில் இன்னொரு சர்வரைச் சேர்த்துவிடலாம். டேட்டாபேஸைத் தொட வேண்டியதில்லை. ஆர்/3-யின் பலமே இதுதான்.

200 பேருக்கு 10 ஊழியர் போதுமா?

நடு அடுக்குக்குள் போவோம். அங்கே டிஸ்பேட்சர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. பேங்கில் டோக்கன் கொடுத்து, காலியாக இருக்கும் கவுண்டருக்கு ஆளை அனுப்புவார்களே, அந்த வேலை. கவுண்டரில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குப் பெயர் ஒர்க் பிராசஸ். ஒவ்வொரு ஒர்க் பிராசஸுக்கும் டேட்டாபேஸோடு சொந்தமாக ஒரு இணைப்பு உண்டு.

நீங்கள் என்டர் தட்டியதும் அந்தக் கோரிக்கை டிஸ்பேட்சரிடம் போகிறது. அது வரிசையில் சேர்க்கிறது. எந்த ஒர்க் பிராசஸ் காலியாக இருக்கிறதோ அதனிடம் தருகிறது. வேலை முடிந்ததும் பதில் உங்கள் திரைக்கு வருகிறது. அந்த ஒர்க் பிராசஸ் அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறது. அடுத்த முறை நீங்கள் என்டர் தட்டும்போது வேறொரு கவுண்டர் உங்களைக் கவனிக்கலாம்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 பேர் லாகின் செய்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் 30 வினாடிக்கு ஒருமுறை என்டர் தட்டுகிறார்கள். ஒரு கோரிக்கைக்கு அரை வினாடி வேலை. அப்படியானால் ஒரு வினாடிக்கு சுமார் 7 கோரிக்கை. அதை முடிக்க ஒரே நேரத்தில் 3 அல்லது 4 கவுண்டர் போதும். 10 கவுண்டர் வைத்திருந்தால் தாராளம்.

மனிதர்கள் திரையைப் படிப்பார்கள், யோசிப்பார்கள், போன் எடுப்பார்கள். அந்த இடைவெளியில் கவுண்டர் காலி. குறைந்த ஊழியரை வைத்து நிறையப் பேருக்கு வேலை பார்ப்பது அந்த இடைவெளியை நம்பித்தான். மொத்தக் கட்டமைப்பும் இந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

அப்போ மாதக் கடைசியில் என்ன ஆகிறது?

அதே 10 கவுண்டர். 10 பேர் ஒரே நேரத்தில், ஆளுக்கு 8 நிமிடம் ஓடும் பெரிய ரிப்போர்ட்டை எடுக்கிறார்கள். 10 கவுண்டரும் அடைத்தாச்சு. மீதி 190 பேர் ஒரு சின்ன பில் போடக்கூட 8 நிமிடம் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரின் பலம் குறையவில்லை, வரிசைதான் நகரவில்லை. லாரி நிற்பது இதனால்தான்.

இதைத் தடுக்க சிஸ்டத்திலேயே ஒரு பாதுகாப்பு உண்டு. திரையில் இருந்து ஓட்டும் வேலைக்கு நேர வரம்பு வைத்திருக்கிறார்கள். வழக்கமான அமைப்பில் அது 600 வினாடி, அதாவது 10 நிமிடம். அதைத் தாண்டினால் அந்த வேலை நிறுத்தப்பட்டு, 'டைம் அவுட்' என்ற பிழை வரும். பலர் இதைப் பார்த்து "சிஸ்டம் சரியில்லை" என்பார்கள். ஒருவரால் மற்ற எல்லோரும் காத்திருக்கக் கூடாது என்று வைக்கப்பட்ட வேலி அது.

"கவுண்டரை 50 ஆக்கிடலாமே?" என்று தோன்றும். கூட்டலாம்தான். ஆனால் ஒவ்வொரு ஒர்க் பிராசஸும் மெமரி கேட்கும், பிராசஸர் நேரம் கேட்கும். இயந்திரத்தின் பலத்துக்கு மேல் கூட்டினால் 50 பேரும் சேர்ந்து மெதுவாக வேலை செய்வார்கள்.

எல்லா ஊழியரும் ஒரே வேலையா செய்கிறார்கள்?

இல்லை. ஐந்து வகை இருக்கிறது.

டயலாக் - திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கோரிக்கையைக் கவனிப்பது. ஒரு சர்வரில் குறைந்தது 2 இருக்க வேண்டும்.

பேக்கிரவுண்ட் - யாரும் திரை முன் காத்திருக்கத் தேவையில்லாத நீண்ட வேலை. சம்பளக் கணக்கு, இரவு ரிப்போர்ட் மாதிரி. இதற்கு அந்த 10 நிமிட வரம்பு கிடையாது.

அப்டேட் - மாற்றங்களை டேட்டாபேஸில் எழுதுவது.

என்க்யூ - ஒரே பதிவை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றாமல் பூட்டுவது. இப்போதைய அமைப்பில் இது தனி சர்வராகவே ஓடுகிறது.

ஸ்பூல் - பிரிண்டருக்கு அனுப்புவது.

பகலில் டயலாக் அதிகம் தேவை. இரவில் ஆள் இல்லை, பேக்கிரவுண்ட் வேலைதான் அதிகம். அதனால் நேரத்துக்கு ஏற்றபடி ஊழியர்களை ஒரு வகையில் இருந்து இன்னொரு வகைக்குத் தானாக மாற்றும் வசதியும் உண்டு. அதற்கு ஆபரேஷன் மோட் என்று பெயர். சர்வரை நிறுத்தி ஆன் செய்யத் தேவையில்லை.

பாதி வேலையில் டீ குடிக்கப் போனால்?

இங்கே ஒரு கேள்வி வரும். ஒவ்வொரு தடவையும் வேற வேற கவுண்டர் என்றால், முதல் திரையில் நான் தட்டிய விவரம் இரண்டாவது கவுண்டருக்கு எப்படித் தெரியும்?

பேங்கில் உங்கள் பெயரில் ஒரு ஃபைல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டர் ஊழியர் வேலை முடிந்ததும் ஃபைலைப் பொது அலமாரியில் வைத்துவிடுவார். அடுத்த முறை யார் உங்களைக் கவனித்தாலும் அதே ஃபைலை எடுத்துப் பார்ப்பார். எஸ்.ஏ.பி-யில் அந்த ஃபைலுக்கு யூசர் கான்டெக்ஸ்ட் என்று பெயர். அலமாரி என்பது எல்லா ஒர்க் பிராசஸும் பார்க்கக்கூடிய பொது மெமரி. ஃபைலை எடுப்பது ரோல் இன், திரும்ப வைப்பது ரோல் அவுட்.

நீங்கள் டீ குடிக்கப் போனால் ஃபைல் அலமாரியில் இருக்கும், கவுண்டர் மற்றவருக்குப் போய்விடும். பிரச்னை இல்லை.

பிரச்னை எப்போது என்றால், ஃபைல் அலமாரியில் வைக்க முடியாத அளவு பெருத்துவிட்டால். 5 வருட விற்பனையை மொத்தமாக ஒரே ரிப்போர்ட்டில் இழுத்தால் இது நடக்கலாம். பொது மெமரியில் உங்களுக்கான பங்கு தீர்ந்துபோகும். அப்போது அந்த ஒர்க் பிராசஸ் தன் சொந்த மெமரியில் ஃபைலை வைத்துக்கொள்ளும். சொந்த மெமரியை மற்றவர்கள் பார்க்க முடியாது. அதனால் அந்த வேலை முடியும் வரை அந்தக் கவுண்டர் உங்களுக்கு மட்டும்தான். சிஸ்டத்தைக் கவனிப்பவர்கள் இதை 'பிரைவ் மோட்' என்பார்கள். இப்போது நீங்கள் டீ குடிக்கப் போனாலும் கவுண்டர் பூட்டியே கிடக்கும். நாலைந்து பேர் இப்படிச் செய்தால் போதும், ஆபீஸ் முழுக்க ஸ்லோ.

"இந்தப் பதிவை வேறொருவர் திறந்திருக்கிறார்" - இது ஏன் வருகிறது?

எஸ்.ஏ.பி பயன்படுத்துபவர்கள் அடிக்கடி பார்க்கும் எரிச்சல் இது. டேட்டாபேஸிலேயே பூட்டும் வசதி இருக்கும்போது எஸ்.ஏ.பி தனியாக ஏன் ஒரு பூட்டு வைத்திருக்கிறது?

காரணம் அந்தக் கவுண்டர் முறைதான். ஒவ்வொரு முறை திரை மாறும்போதும் ஒர்க் பிராசஸ் உங்களை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போகிறது. போவதற்கு முன் டேட்டாபேஸில் தான் தொடங்கிய வேலையை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். முடித்தால் டேட்டாபேஸ் பூட்டும் திறந்துவிடும். ஆனால் நீங்கள் ஒரு ஆர்டரை மாற்ற நாலைந்து திரை தாண்ட வேண்டியிருக்கும். நடுவில் வேறொருவர் புகுந்து மாற்றினால் கணக்கு குழம்பிவிடும்.

அதனால் எஸ்.ஏ.பி தனக்கென்று ஒரு பூட்டுப் பட்டியலை வைத்திருக்கிறது. அதைக் காப்பதுதான் என்க்யூ சர்வர். அந்தப் பட்டியல் மெமரியில்தான் இருக்கிறது, டேட்டாபேஸில் இல்லை. ஒருவர் மாற்றும் நிலையில் ஆர்டரைத் திறந்துவைத்துவிட்டு சாப்பிடப் போனால், கவுண்டர் காலியாகும், ஆனால் பூட்டு அப்படியே இருக்கும். அவர் திரும்பி வரும் வரை அந்த ஆர்டரை யாரும் தொட முடியாது.

"பூட்டை அழித்துவிடுங்கள்" என்று ஐ.டி பிரிவை நச்சரிப்பது வழக்கம். அப்படி நேரடியாக அழிப்பது கடைசி வழி. அந்த ஆள் இன்னும் உள்ளே இருந்தால் இருவரும் ஒரே பதிவில் எழுத நேரிடும். அவருடைய இணைப்பை முடித்துவைத்தால் பூட்டு தானாகவே திறக்கும்.

'சேவ்' அழுத்தியதும் சேமித்தாச்சா?

பெரும்பாலும் ஆம். ஆனால் அதே நொடியில் இல்லை.

நீங்கள் சேவ் அழுத்தும்போது டயலாக் கவுண்டர், என்னென்ன மாற்ற வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி அப்டேட் ஊழியரிடம் தந்துவிடும். "ஆவணம் பதிவானது" என்று எண்ணோடு செய்தி உங்களுக்கு வந்துவிடும். அதன் பிறகுதான் அப்டேட் ஊழியர் உண்மையான அட்டவணைகளில் எழுதுவார். முக்கியமான மாற்றங்கள் முதலில். புள்ளிவிவரம் மாதிரி கொஞ்சம் தாமதித்தாலும் பரவாயில்லை என்பவை அடுத்து. உங்களைக் காக்க வைக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

வழக்கமாக இந்த இடைவெளி தெரியவே தெரியாது. ஆனால் அப்டேட் தோல்வி அடைந்தால், எண் வந்திருக்கும், ஆவணம் இருக்காது. அப்போது அந்தப் பயனருக்கு 'அப்டேட் நிறுத்தப்பட்டது' என்று ஒரு அவசரச் செய்தி சிஸ்டத்திலேயே வரும். அதைப் படிக்காமல் மூடிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. சிஸ்டம் மெதுவாக இருக்கும் நாளில், பதிவானதா இல்லையா என்று பார்க்காமல் இரண்டாம் முறை அதே பில்லைப் போடுவது அடுத்த தவறு. முதல் பில்லும் பிறகு ஏறிவிட்டால் ஒரே சரக்குக்கு இரண்டு பில்.

ஒரு சர்வர் படுத்தால் எல்லாம் படுத்துடுமா?

பெரிய நிறுவனங்களில் நடு அடுக்கில் பல அப்ளிகேஷன் சர்வர்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் தனி டிஸ்பேட்சர், தனி ஊழியர்கள். நீங்கள் லாகின் செய்யும்போது எந்த சர்வரில் கூட்டம் குறைவு என்று பார்த்து அனுப்புவது மெசேஜ் சர்வர். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் அது வழியாகத்தான்.

இதில் ஒரு அப்ளிகேஷன் சர்வர் நின்றுபோனால், அதில் இருந்தவர்கள் சேவ் செய்யாத வேலையை இழப்பார்கள். மறுபடி லாகின் செய்தால் வேறு சர்வரில் வேலையைத் தொடரலாம். கம்பெனி நிற்காது.

ஆனால் மூன்று விஷயம் ஒட்டுமொத்த சிஸ்டத்துக்கும் ஒன்றே ஒன்றுதான். டேட்டாபேஸ், மெசேஜ் சர்வர், என்க்யூ சர்வர். இவை நின்றால் சுற்றி எத்தனை சர்வர் இருந்தாலும் பயனில்லை. மெசேஜ் சர்வர் இல்லையென்றால் புதிதாக வருபவர்களை சர்வர்களுக்குப் பிரித்து அனுப்ப ஆள் இல்லை. என்க்யூ சர்வர் விழுந்தால் மெமரியில் இருந்த பூட்டுப் பட்டியல் போய்விடும். யார் எதை மாற்றிக்கொண்டிருந்தார்கள் என்று தெரியாது.

அதனால்தான் மெசேஜ் சர்வரையும் என்க்யூ சர்வரையும் பிரித்தெடுத்துத் தனியாக, சின்னதாக ஒரு இடத்தில் வைக்கிறார்கள். அபாப் சென்ட்ரல் சர்வீசஸ் என்பது அதன் பெயர். பூட்டுப் பட்டியலின் நகல் ஒன்று வேறொரு இயந்திரத்தில் உடனுக்குடன் ஏறிக்கொண்டே இருக்கும். ஒன்று விழுந்தால் மற்றொன்று அந்த நகலை வைத்துத் தொடரும். நகல் ஏற்பாடு செய்யாமல், அப்ளிகேஷன் சர்வரை மட்டும் அடுக்கிக்கொண்டே போனால் பாதுகாப்பு கூடாது.

எத்தனை கதவு திறந்திருக்கு?

வெளியில் இருந்து இந்த சர்வருக்குள் வரப் பல வாசல்கள் உண்டு. ஒவ்வொரு சர்வருக்கும் 00 முதல் 97 வரை ஒரு எண் தரலாம். வாசல் எண், அதாவது போர்ட், அதை வைத்தே அமையும். எண் 00 என்றால் ஜி.யூ.ஐ திரை வருவது 3200-ல். வேறு சிஸ்டங்களும் புரோகிராம்களும் பேச வருவது கேட்வே வழியாக, 3300-ல். மெசேஜ் சர்வருக்கு 3600. பிரவுசரில் இருந்து வருபவர்களைக் கவனிப்பது ஐ.சி.எம் என்ற பகுதி, அதற்கு வழக்கமாக 8000.

இது ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடும்கூட. வாசலில் காவல் இல்லையென்றால் யாரும் வரலாம்.

2019 மே மாதம் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. கேட்வேயையும் மெசேஜ் சர்வரையும் குறிவைக்கும் தாக்குதல் கருவிகள் பொதுவெளிக்கு வந்துவிட்டன என்பதே அது. '10கேபிளேஸ்' என்று அவற்றுக்குப் பெயர். இதில் கவனிக்க வேண்டியது, அது மென்பொருளில் புதிதாகக் கண்டுபிடித்த ஓட்டை அல்ல. யார் யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியலைச் சரியாக எழுதாமல் விட்ட நிறுவனங்கள்தான் ஆபத்தில் இருந்தன. அந்தப் பட்டியலை எப்படி எழுத வேண்டும் என்ற வழிகாட்டுதலை எஸ்.ஏ.பி பல ஆண்டுகளுக்கு முன்பே தந்திருந்தது.

2025 ஏப்ரலில் வந்தது வேறு மாதிரி. நெட்வீவரின் ஜாவா பகுதியில், விஷுவல் கம்போசர் என்ற கருவியில் உண்மையான ஓட்டை. லாகின் செய்யாமலேயே வெளியாள் தன் ஃபைலை சர்வரில் ஏற்றி ஓட்ட முடிந்தது. ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10. எஸ்.ஏ.பி அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. அதற்கு முன்பே தாக்குதல்கள் தொடங்கியிருந்தன.

முழுக் கம்பெனியின் சம்பளம், கணக்கு, சரக்கு எல்லாம் இருக்கும் இடம் இது. திருத்தத்தை ஒரு மாதம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று விட முடியாததற்குக் காரணம் அதுதான்.

2027 பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

இன்னும் பல நிறுவனங்களில் ஓடுவது இ.சி.சி 6.0 என்ற பழைய தலைமுறை. இதன் பிற்காலப் பதிப்புகளுக்கு வழக்கமான பராமரிப்பு 2027 கடைசி வரைதான் என்று எஸ்.ஏ.பி அறிவித்திருக்கிறது. முதலில் 2025 என்றிருந்ததை 2020-ல் தள்ளிவைத்தார்கள். கூடுதல் பணம் கட்டினால் 2030 கடைசி வரை நீட்டிக்கும் வழியும் தந்தார்கள்.

அடுத்த தலைமுறை, 2015-ல் வந்த எஸ்/4 ஹானா. இதில் டேட்டாபேஸ் அடுக்குதான் பெரிதாக மாறியது. பழைய தலைமுறை ஆரக்கிள் உட்படப் பல டேட்டாபேஸ்களில் ஓடும். எஸ்/4, ஹானா என்ற எஸ்.ஏ.பி-யின் சொந்த டேட்டாபேஸில் மட்டும்தான் ஓடும். ஹானா தகவலைப் பெரும்பாலும் மெமரியில் வைத்து வேலை செய்கிறது. முன்பு லட்சக்கணக்கான வரிகளை நடு அடுக்குக்கு இழுத்துவந்து கூட்டிக் கழித்தார்கள். இப்போது அந்தக் கூட்டலையே டேட்டாபேஸுக்குள் செய்துவிட்டு விடையை மட்டும் மேலே அனுப்புகிறார்கள். கவுண்டர் சீக்கிரம் காலியாகிறது.

ஆனால் டிஸ்பேட்சர், ஒர்க் பிராசஸ், பூட்டு, அப்டேட் எல்லாம் எஸ்/4-லும் இருக்கிறது. அதனால் வேகமான டேட்டாபேஸ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது பாதி உண்மைதான். ஒரே புரோகிராமை மோசமாக எழுதி 10 பேர் ஓட்டினால் அங்கேயும் வரிசை அடைக்கும்.

ஸ்லோ ஆனால் எங்கே பார்ப்பார்கள்?

ஐ.டி பிரிவு முதலில் திறக்கும் திரை எஸ்.எம்.50. எந்தக் கவுண்டரில் யார், எவ்வளவு நேரமாக, என்ன வேலை என்று அப்படியே காட்டும். எல்லா சர்வரையும் சேர்த்துப் பார்க்க எஸ்.எம்.66. பூட்டுகளைப் பார்க்க எஸ்.எம்.12. தோற்றுப்போன அப்டேட்டுக்கு எஸ்.எம்.13. பேக்கிரவுண்ட் வேலைக்கு எஸ்.எம்.37. டைம் அவுட் மாதிரி பிழைகள் பதிவாகும் இடம் எஸ்.டி.22.

நீங்கள் செய்யக்கூடியது என்ன?

* பெரிய ரிப்போர்ட்டைத் திரையில் ஓட்டாமல் பேக்கிரவுண்டில் போடுங்கள். டயலாக் கவுண்டர் மற்றவர்களுக்குக் கிடைக்கும்.

* தேதி வரம்பைச் சுருக்குங்கள். ஒரு மாதம் தேவையென்றால் 5 வருடத்தை இழுக்காதீர்கள்.

* பார்க்க மட்டும் வேண்டுமென்றால் 'பார்க்கும்' நிலையில் திறங்கள். 'மாற்றும்' நிலையில் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

* திரை நிற்கிறது என்று புது ஜன்னல் திறந்து அதே வேலையை மறுபடி ஓட்டாதீர்கள். இன்னொரு கவுண்டரும் அடைபடும்.

* சேவ் ஆனதா என்று சந்தேகம் வந்தால், முதலில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

மாதக் கடைசியில் 10 பேர் தங்கள் ரிப்போர்ட்டை இரவுக்குத் தள்ளிவைத்தால் போதும். புது சர்வர் வாங்காமலேயே குடோன் வாசலில் நிற்கும் லாரி கிளம்பிவிடும்.